சகாய விலைச் சல்லடை

ஆவரந்துறைக் கடல்தொழிலாளர் குடும்பச் சங்கத்துக்கு வரவேண்டிய மெயில்கள் கம்ப்யூட்டருக்குள் வராமல் காலால் நடந்து வாசலுக்கு வர ஆரம்பித்தது தவக்காலம் தொடங்கின வாரத்தில்தான். ஐஸ் ஃபேக்டரி மாடியிலே ஒற்றை அறையில் நடந்துவந்த அந்தச் சங்கத்தின் எழுத்தர் அமலோற்பவம் விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது முதன்முதலாகப் படியேறி வந்தது ஒரு மந்திரியின் விதவை. கறுப்புப் பட்டு உடுத்தி, தகரப்பெட்டி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த அந்த அம்மாள், உட்காரச் சொல்லும்வரைகூடப் பொறுக்காமல், "அன்புள்ள ஆருயிரே, என் கணவர் விமான விபத்தில் காலமாகிவிட்டார், அவர் விட்டுப்போன பெருஞ்செல்வத்தை உங்கள் கணக்கில் போட்டுவைக்க விரும்புகிறேன்" என்று ஆரம்பித்துக் கடைசிவரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அமலோற்பவம் விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, "ஐயோ பாவம், எப்ப தவறிட்டாவ?" என்று கேட்டாள். அந்த அம்மாள் மறுபடியும் அன்புள்ள ஆருயிரேயிலிருந்து தொடங்கினாள்.

இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஊர் அதுவல்ல. கடல் ஒருநாள் அரை மைல் உள்வாங்கிப் போகும், ஒருநாள் அடுப்படிக்கே வந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும், போன ஆள் வருவான், வராமலும் இருப்பான், இதையெல்லாம் பார்த்துப் பழகின ஊருக்கு மெயில் நடந்து வருவது என்ன பெரிய காரியம்? ஒரு வாரத்துக்குள் ஊருக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. வருகிறவர்கள் எழுதியிருப்பதை மட்டும்தான் சொல்வார்கள், நடுவில் பேசினால் முதலிலிருந்து தொடங்குவார்கள், டீ கொடுத்தால் மரியாதைக்குக் கையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், "போயிட்டு வாங்க" என்று சொன்னால் ஐஸ் ஃபேக்டரி மூலை திரும்பினதும் இல்லாமல் போவார்கள். கரண்டு பில் வந்தால் ஒரு மெலிந்த ஆள் வந்து கட்டச் சொல்வான். மேற்றிராணியார் என்கிற ஆயரின் இல்லத்து அறிவிப்பு வந்தால் ஒரு சாமியார் வந்து நிற்பார். அவர்களோடு சேர்ந்து முடி வளர்க்கும் மருந்துக்காரனும், லாட்டரியில் ஜெயித்துவிட்டாய் என்று சொல்லிப் பல்லைக் காட்டுகிறவனும், தனிமையில் வாடுகிறேன் என்று கண்ணைக் கசக்குகிற ஒரு பெண்ணும், எல்லாருக்கும் மேலாக அந்த விதவைகளும் வந்தார்கள். விதவை வந்தால் கூட உட்கார்ந்து அழுவது ஆவரந்துறைப் பெண்களின் வழக்கம். அதனால் தினமும் ஒரு மந்திரி பெண்டாட்டியை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள், மறுநாள் வேறொருத்தி வந்தாள், அவளுக்கும் அழுதார்கள்.

அழுவதற்கு அவர்களுக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. அமலோற்பவத்தின் புருசன் ததேயு, அவளுடைய அண்ணன் சேசடிமை, இன்னும் ஊர்ப் பையன்கள் சிலபேர், வளைகுடாவில் ஒரு அரபி முதலாளியின் லாஞ்சில் மீன்பிடிக்கப் போனவர்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே பேச்சுமூச்சு இல்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டிருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், எந்த நாட்டில், எந்தத் துறைமுகத்தில் என்றுதான் தெரியாது. மேலிடத்துக்கு எத்தனை மனு போட்டாலும் பதிலுக்கு ஒரு அதிகாரி வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இடத்தின் பெயரைக் குறிப்பிட்டால் மட்டுமே மேல்நடவடிக்கை எடுக்க இயலும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இடத்தின் பெயர், ஒரே ஒரு ஊர்ப் பெயர், அது கிடைத்தால் எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். போகும்போது ஒவ்வொருத்தன் இடுப்புக் கச்சைக்குள்ளும் சங்கத்தின் மெயில் முகவரியை அமலோற்பவமே தையல் போட்டு அனுப்பியிருந்தாள். எங்கே கிடந்தாலும் எவன் கையைக் காலைப் பிடித்தாவது ஒரு மெயில் போட்டுவிடுவான் ததேயு என்று அவள் நம்பினாள், அந்த நம்பிக்கையில்தான் காலையில் எழுந்து தலையைச் சீவினாள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆவரந்துறையில் கரையை விட்டுப் போன ஆம்பிளை தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை பெண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டான். சொன்னால் கடல் அந்தப் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு பிற்பாடு கூப்பிட ஆரம்பித்துவிடும் என்று ஒரு பயம். வீட்டில் இருக்கும்போது "அமலி, அமலி" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை கூப்பிடுகிற ததேயு, லாஞ்சில் ஏறினதிலிருந்து போனிலும் சரி, அப்போதெல்லாம் ஒழுங்காகக் கம்ப்யூட்டருக்குள் வந்துகொண்டிருந்த மெயிலிலும் சரி, "ஏ பிள்ளே, நான்தான்" என்பதோடு சரி. அவளும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து "மச்சான்" என்பாளே தவிர அவன் பேரை வாயால் சொன்னதில்லை. மனுவில் எழுதும்போது கை எழுதிவிடும், ரேசன் கடையில் புருசன் பேர் என்ன என்று கேட்டால் மட்டும் பக்கத்தில் நிற்கிறவளை இடித்துச் சொல்லச் சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பைக்காரன் வந்தான். மீசையை ஒதுக்கி விட்டிருந்தான், கையில் ஒரு ஜிப் வைத்த பை, முகத்தில் ஒரு சாந்தம். "இத்துடன் இணைத்துள்ள ரசீதைத் தயவுசெய்து பிரித்துப் பார்க்கவும்" என்றான். அமலோற்பவம், "மாமா, ஆளு சரியில்லாத மாதிரி இருக்கான், இரிங்க" என்று சொல்லி வாயை மூடவில்லை, சங்கத் தலைவர் பெர்க்மான்ஸ் அதற்குள் பையைத் திறந்துவிட்டார். நல்ல மனுசர்தான், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூடியிருக்கிற எதைப் பார்த்தாலும் திறக்காமல் இருக்க முடியாது அவருக்கு, அது ஒன்றுதான் கெட்ட குணம். பைக்குள் ஒன்றும் இல்லை. அழுகின நண்டு வாடை மாதிரி ஒரு வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

மறுநாள் காலையில் ஆவரந்துறையில் சங்கத்து உறுப்பினர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு அமலோற்பவம் போய்க் கதவைத் தட்டினாள். அதே புடவை, அதே சிரிப்பு, கையில் அதே ஜிப் பை. "இதக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க" என்றாள். அமலோற்பவம் கொடுத்தால் யார்தான் பிரிக்க மாட்டார்கள்? பிரித்த வீட்டிலெல்லாம் பூட்டிக்கொண்டது. பீரோ பூட்டிக்கொண்டது, அரிசிப் பானை மூடி பூட்டிக்கொண்டது, உப்புச் செப்பு, மருந்து டப்பா, சுருட்டி வைத்த பாய்கூட விரிக்க வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துச் சில தானாகவே திறந்தன, சில திறக்கவே இல்லை. அசல் அமலோற்பவம் தெருவில் நடந்து போனால் கதவுகள் சாத்தப்பட்டன. அவள் ஊற்றிக் கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். சொந்த அண்ணன் பெண்டாட்டி ஜெனோவாவே வாசல்படியில் நிறுத்தி, "ஏட்டி, நீ எங்க அமலிதானா? என் கல்யாணத்துல என்ன கறி வச்சாவ, சொல்லு பாப்போம்" என்று கேட்டபோது அமலோற்பவத்துக்கு அவமானத்தில் உயிரே போய்விட்டது.

"மைனி, சீலா மீன் குழம்பு. உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லி அழுதாள். அதற்குப் பிறகுதான் ஜெனோவா உள்ளே விட்டாள்.

வாசலுக்கு ஒரு காவல் வேண்டும் என்று சங்கத்தில் முடிவாயிற்று. பட்டணத்தில் ஒரு பெரிய கம்பெனியைக் கேட்டார்கள். பளபளப்பான ஷூ போட்ட ஒரு மெயில் வந்து, குறைந்தபட்சம் நூறு நாற்காலி உள்ள அலுவலகத்துக்குத்தான் தங்கள் சேவை என்று சொல்லிவிட்டுப் போயிற்று. சங்கத்தில் இருந்ததோ இரண்டு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். வேறொரு கம்பெனி, "சின்னச் சங்கங்களுக்கும் சகாய விலையில்" என்று விளம்பரம் போட்டிருந்தது. அவர்களிடம் இரண்டு திட்டம் இருந்தது. இரண்டிலும் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்து வருகிறவர்களைச் சலித்து விடுவான், நிறுத்தினவர்களை ஒரு வாரம் தனியறையில் அடைத்து வைப்பான், வாரம் முடிந்தால் அவர்கள் அழிந்துபோவார்கள். கூடின விலைத் திட்டத்தில் இன்னின்னாரை நிறுத்தினேன் என்று தினமும் காலையில் வந்து சொல்வான். குறைந்த விலையில் அது கிடையாது. பெர்க்மான்ஸ் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"நிறுத்தினவன் யாருன்னு தெரிஞ்சி நமக்கு என்ன ஆவப்போவுது வே? குப்பையக் கூட்டி வெளிய தள்ளின பொறவு அதுக்குப் பேரு கேப்பியளா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அமலோற்பவமும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த ஆள் மத்தியான பஸ்ஸில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்து இறங்கினான். வட்ட முகம், வெளிர் நீலச் சட்டை, யாரையும் நோகப் பேசாத சுபாவம். பேர் கேட்டால் சிரித்தான். ஊர் அவனுக்குச் சல்லடையண்ணன் என்று பேர் வைத்தது, அதுவும் அவனுக்குச் சம்மதமாகத்தான் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் கெட்டுச் சும்மா கிடந்த குளிரறையை அடைத்து வைக்கிற அறையாக ஒழித்துக் கொடுத்தார்கள்.

"யாரை விடணும் யாரை நிறுத்தணும்னு நீங்கதான் சொல்லித் தரணும். நான் படிச்சுக்குவேன். ஒரு தடவை படிச்சா மறக்க மாட்டேன்" என்றான்.

ஊரே வந்து சொல்லிக் கொடுத்தது. வழக்கமாகச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் சோலி கிடக்கு என்று ஓடுகிற சனம், அன்றைக்கு வரிசையில் நின்று சொல்லிற்று. மந்திரி பெண்டாட்டியை விடாதே என்றார்கள், இத்தனை நாள் கூட உட்கார்ந்து அழுத பெண்களே சொன்னார்கள். மருந்துக்காரனை விடாதே, லாட்டரியை விடாதே, பை வைத்திருக்கிறவனை விடவே விடாதே. ஜெனோவா முன்னால் வந்து, "வெளிநாட்டுல மாட்டிக்கிட்டேன், பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டானுவ, உடனே உதவி பண்ணுங்கன்னு அழுதுக்கிட்டு ஒருத்தன் வாரான் பாத்துக்கிடுங்க, சரியான கள்ளப்பய, அவன நிறுத்துங்க" என்றாள். அவள் கழுத்துச் செயினை அப்படி ஒருத்தனுக்கு அனுப்பி ஏமாந்திருந்தாள், அந்த எரிச்சல் அவளுக்கு.

கடைசியாக அமலோற்பவம் எழுந்தாள். எழுந்ததும் பேச்சு நின்றது, இவள் எந்த அமலோற்பவமோ என்று இரண்டு பேர் இன்னமும் முறைத்துப் பார்த்தார்கள். அந்தப் பார்வை சுட்டதினால் இருக்கலாம், அவள் குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்தது.

"இத்தனையும் எதுக்கு அண்ணே? ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. வாரவன் எவனும் பேரச் சொல்லிக் கூப்பிடுதானா? அன்பே, ஆருயிரே, கண்ணேன்னுதான வாரானுவ? நம்மளத் தெரிஞ்சவன்னா நம்ம பேரு தெரியாதா? யாரப் பாக்க வந்தியன்னு கேளுங்க. பேரச் சொன்னா விடுங்க. சொல்லலன்னா எவனா இருந்தாலும் உள்ள போடுங்க."

சபாஷ் என்று பெர்க்மான்ஸ் மேசையில் தட்டினார். ஊர் கைதட்டிற்று. பைக்காரன் வந்ததிலிருந்து முதல்தடவையாக அவளைப் பார்த்து ஊர் சிரித்தது. அவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று, அந்தக் குளிர்ச்சியில் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அங்கே இருந்த ஒருத்திக்கும் வரவில்லை, அதுதான் கொடுமை. அத்தனைபேர் புருசன்மாரும் கடலில்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு சங்கத்தில் என்ன அமைதி என்கிறீர்கள்! கரண்டு பில்காரன், "அமலோற்பவம் அவர்களைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிப் படியேறினான். மேலிடத்து அதிகாரி முழுப்பேரும் கதவு எண்ணும் சொல்லி ஏறிவந்து, இடத்தின் பெயரைக் குறிப்பிட்டால் மட்டுமே என்று சொல்லிவிட்டு இறங்கினார். மற்றவர்களெல்லாம் கீழேயே நின்றுபோனார்கள். குளிரறையிலிருந்து அன்புள்ள ஆருயிரே, அன்புள்ள ஆருயிரே என்று ஒரு முணுமுணுப்பு செபமாலை சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும், நாள்பட நாள்பட அதுவும் காதுக்குப் பழகிவிட்டது. முதல் இரண்டு வாரம் அமலோற்பவத்துக்குச் சுகமாக இருந்தது. அதற்கப்புறம் அந்த அமைதியே பயமாக இருந்தது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள், வேறு யாராவதாக இருக்கும். "இன்னும் மெயில் போட வழி கிடைக்கல போல மைனி" என்று ஜெனோவாவிடம் சொல்வாள். "கிடைக்கும் கிடைக்கும், எங்க போயிருவானுவ" என்பாள் ஜெனோவா.

ஒருநாள் சாயங்காலம் சல்லடையண்ணனுக்கு டீ கொண்டுபோனாள். அவன் குடிக்கிறவன் இல்லை, ஆனாலும் அவளுக்குக் கொடுக்காமல் இருக்க மனசு வராது. அன்றைக்கு அவன் கொஞ்சம் பேசுகிற மூடில் இருந்தான்.

"தங்கச்சி, எல்லாரும் சொல்லிக் கொடுத்ததுலயும் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் ரொம்ப உபயோகம். அது ஒண்ணுலயே முக்காவாசிப் பேர் மாட்டிக்கிறாங்க. போன வாரம்கூட ஒருத்தன். ரெண்டு விதத்துலயும் மாட்டினான், வெளிநாட்டுல பிடிச்சு வச்சிருக்காங்க, உதவி பண்ணுங்கன்னான். சரி, யாரைப் பாக்கணும், பேரைச் சொல்லுன்னேன். சொல்லத் தெரியல. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் முதல்லேர்ந்து ‘ஏ பிள்ளே, நான்தான்’னே ஆரம்பிக்கிறான். பிள்ளையாம்! ஆளையும் பாருங்க, கைலி கட்டிக்கிட்டு, இடது காதுல நரம்பு அறுத்த மாதிரி ஒரு வெட்டு..."

அவள் கையிலிருந்த டீ கிளாஸ் படியில் விழுந்து உடைந்தது. ததேயுவின் இடது காதைத் தூண்டில் நரம்பு அறுத்தது அவர்களுக்குக் கல்யாணமான வருசத்தில். மஞ்சள் வைத்துக் கட்டினவள் அவள்தான்.

"எங்க அண்ணே? ஆளு எங்க?"

"உள்ளதான் இருக்கான். இன்னியோட வாரம் முடியுது."

"என்ன சொன்னாவ? எந்த ஊருன்னு சொன்னாவ? அண்ணே, ஊரு பேரு சொல்லியிருப்பாவளே!"

சல்லடையண்ணன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான், அதற்குமேல் அவனைக் குறை சொல்ல முடியாது. "நான் அடையாளம் மட்டும்தான் பாப்பேன் தங்கச்சி. மத்தது என் மனசுல நிக்காது. படிக்கக் கூடாதுன்னு கம்பெனி விதி" என்றான்.

குளிரறைக் கதவைத் திறந்தால் உள்ளே சந்தைக் கூட்டம். விதவைகளும் மருந்துக்காரர்களும் நெருக்கியடித்து நின்றார்கள், புதிதாக வந்தவர்கள் முழுசாக, நாளானவர்கள் பாதி கரைந்து. அடைத்து வைத்த மெயில் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு போகும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதுதான் முதலில் போகுமாம், அதுவும் பிறகுதான் தெரிந்தது. சுவர் ஓரத்தில் அவன் நின்றான். முழங்காலுக்குக் கீழே இல்லை. கைலியின் கட்டம் மங்கிவிட்டது. காது மட்டும் அப்படியே இருந்தது, வெட்டோடு.

"மச்சான்!" என்று போய் விழுந்தாள்.

அவன் அவளைப் பார்த்தானா என்று சொல்ல முடியாது, மெயிலுக்குப் பார்வை கிடையாது. மிச்சமிருந்ததைச் சொன்னான். "அங்கன ஆள அனுப்பு. மத்தவனுவளும் எங்கூடதான் இருக்கானுவ, எல்லாருக்கும் சொகம். பதில் போடு பிள்ளே, பாத்துக்கிட்டிருக்கேன்."

"எங்கன மச்சான்? எங்கன அனுப்ப?"

"அங்கன ஆள அனுப்பு. மத்தவனுவளும் எங்கூடதான் இருக்கானுவ..."

"எங்கன?"

"அங்கன ஆள அனுப்பு..."

அவள் எங்கன எங்கன என்று கேட்க, அவன் அங்கன அங்கன என்று சொல்ல, ஜெனோவா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள், ஊர் ஓடிவந்தது, பெர்க்மான்ஸ் சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார். குறுக்கே பேசாமல் இருந்தால் முன்வரி ஏதாவது வருமோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். வரவில்லை. ஒருநாள் முந்தி வந்திருந்தால்கூட இன்னும் ஒரு வரி கேட்டிருக்கும், அந்த வரியிலே அந்தப் பேர் இருந்திருக்கும். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த சந்தோசத்தை என்ன செய்வது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஜெனோவா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அமலோற்பவத்தின் முதுகில் இரண்டு அடி அடித்தாள், அடித்த கையாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டாள். கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு இடுப்பும் மார்பும் போய், பாத்துக்கிட்டிருக்கேன் என்பது மட்டும் சுவரோரம் கொஞ்சநேரம் நின்று, அப்புறம் அதுவும் போய்விட்டது.

சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடு என்று சல்லடையண்ணனிடம் கெஞ்சினார்கள். படித்ததை மறக்கடிக்கக் கம்பெனியால்தான் முடியும் என்றான். கம்பெனிக்கு மெயில் அனுப்பினார்கள். தங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது என்று ஒரு பெண் இனிமையாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவனைப் போகச் சொல்லலாம் என்றால் ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம், ஸ்டூல் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தான். அமலோற்பவம் வீட்டிலிருந்து இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவன் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். அவன் நிறுத்துகிற ஒவ்வொருத்தரையும் கடைசி வரிவரை கேட்டாள். தலைமுடி மருந்தைக் கேட்டாள், லாட்டரியைக் கேட்டாள், மந்திரி பெண்டாட்டிகளை இமை கொட்டாமல் கேட்டாள், யாருக்குள்ளே யார் இருப்பார்கள் என்று கண்டது யார்? ததேயு மறுபடி வரவில்லை. அவன்தான் பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டானே.

அதனால் பதில் போட்டாள். பதில் போடுவது அந்த நாளில் எப்படியென்றால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால், சொல்லி முடித்ததும் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரியே ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து படியிறங்கிப் போகும். அந்தப் பைக்காரன் வாடையில் வீட்டுக்கு ஒரு அமலோற்பவம் கிளம்பினாள், அசல் அமலோற்பவத்தால் ஒரே ஒருத்தியைத்தான் அனுப்ப முடிந்தது, அவள் திரும்பி வந்தால்தான் மறுபடி அனுப்ப முடியும். "மச்சான், நான்தான். எங்கன இருக்கியன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. எல்லாம் என் தப்பு. பதில் போடுங்க" என்று சொன்னாள். எழுந்தவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகக் கடலுக்குள் இறங்கிப் போனாள்.

முகவரி இல்லாமல் எங்கே போவாள்? இருட்டுக்கு முன்னால் நனைந்த புடவையோடு திரும்பி வந்து, "அமலோற்பவம், சேர்க்க முடியல" என்றாள். பேர் சொன்னதால் சல்லடையண்ணன் விட்டான். மறுநாள் அதையே சொல்லி அனுப்பினாள், மறுநாளும் வந்தாள். ஜெனோவாவும் ஒருத்தியை அனுப்பினாள், மற்றப் பெண்களும் அனுப்பினார்கள். காலையில் வலை இழுக்கிறவர்கள் ஒதுங்கி வழிவிட, பெண்கள் வரிசையாகக் கடலுக்குள் போவார்கள். சாயங்காலம் வரிசையாகத் திரும்புவார்கள், அசல் பெண்கள் கையில் உலர்ந்த துணியோடு கரையில் நிற்பார்கள். அவரவர் தலையை அவரவரே துவட்டி விடுவார்கள். ஊருக்கு இதுவும் பழகிவிட்டது. ஆவணி வந்தது, மாதா திருவிழாக் கொடி ஏறி இறங்கினது, பெர்க்மான்ஸ் எதையும் திறக்காத மனுசராக மாறிப்போனார்.

ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள், அமலோற்பவம் அனுப்பினவள் மட்டும் வரவில்லை.

இருட்டும்வரை பார்த்தார்கள், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "சேந்துட்டாட்டி! போய்ச் சேந்துட்டா!" என்று ஜெனோவா தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினாள். கோயில் மணியை யாரோ அடித்துவிட்டார்கள், பெர்க்மான்ஸ் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், இத்தனை மாதம் கழித்து ஆவரந்துறை சிரித்தது. அமலோற்பவமும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் உடனே கையில் துப்பிவிட்டாள். போன ஆள் திரும்பவில்லை என்றால் ஒன்று யாரோ உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன என்பது ஊரில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டீயை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

"அண்ணே, மத்த ஊர்லயும் ஒங்களப் போல ஆளு உண்டுமா?"

"உண்டே. எல்லா வாசல்லயும் இருக்காங்க. என்னைவிட விலை கூடின ஆளுங்க."

"அவிய எத வச்சி நிறுத்துவாவ?"

"அது அந்தந்த ஊரோட பயம் தங்கச்சி. நமக்குத் தெரியாது." டீயை மரியாதைக்குக் கையில் வாங்கிக்கொண்டான். "பேரு வச்சுப் பாக்கறது இப்ப எல்லா இடத்துலயும் உண்டு. நீங்க என்ன பேரு சொல்லி அனுப்பினீங்க?"

அவள் சொல்லி அனுப்பினது மச்சான் என்று. ஒவ்வொரு நாளும் மச்சான் என்றுதான். அவனைப் பிள்ளே என்றதற்காக அடைத்துப் போட்டுவிட்டு, அத்தனை மாதம் மச்சான் மச்சான் என்று தன்னையே அனுப்பியிருக்கிறாள், அந்த வாயில் வேறு எதுவும் வந்து பழக்கமில்லை. இப்போது எங்கேயோ, பேர் தெரியாத அந்தத் துறைமுகத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஒரு நல்ல மனுசன் அவளிடம் மூன்று தடவை கேட்டிருப்பான், மூன்று தடவையும் அவள் மச்சான், நான்தான் என்று ஆரம்பித்திருப்பாள். ஏதோ ஒரு இருட்டறையில் விதவைகளுக்கு நடுவில் சுவரோரம் நின்றுகொண்டிருப்பாள். இன்னொருத்தியை அனுப்பவும் வழியில்லை, போனவள் வரவில்லையே.

அமலோற்பவம் சல்லடையண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். டீ அவள் மேல் சிந்தியது.

"ததேயு" என்றாள். "அவிய பேரு ததேயு அண்ணே. ததேயு. நான் ததேயுவப் பாக்கதான் வந்திருக்கேன். சொல்லிட்டேன்ல? பேரச் சொல்லிட்டேன்ல? உள்ள விடச் சொல்லுங்க."

சல்லடையண்ணன், சட்டம் தெரிந்தவனாக, ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டான். அவனுக்குப் பின்னால் சங்கத்துப் படிக்கட்டுதான் இருந்தது.